சேணத்துக்கு அடியில்

நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு நம்பினால் போதும். எங்கள் ராஜா ஒரு தடவை ஐந்து காத தூரத்துக்குக் குதிரைப் பந்தயம் வைத்தார். காக்கை பறந்தால் அதன் நிழல் கருகிப்போகும், அப்படி வெயில்.

லாயக்காரன் சடையாண்டி, தான் வளர்த்த கிழட்டுச் சிட்டுவின் மேல் ஏறினான். “தோற்றால் சிட்டுவைச் செக்கில் பூட்டிடுவேன்டா” என்று முழ நீள மீசைத் தளவாய் சொல்லியிருந்தார். அவரும் ஒரு வெள்ளைக் குதிரையில் பந்தயத்தில் ஓடினார்.

சிட்டு நுரை தள்ள வந்து சேர்ந்தபோது, தளவாய் முன்பே வந்து நின்றிருந்தார். அவருடைய வெள்ளைக் குதிரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஆனால் மூச்சு வாங்கவில்லை.

“சாமி, இது கிளம்பின குதிரை இல்லீங்க!” என்றான் சடையாண்டி.

“சாட்சிக்கு யாரைடா கூப்பிடுவே? பொட்டல்காட்டு ஓணானையா?” என்றார் தளவாய். கூட்டம் சிரித்தது. ராஜா மாலையை எடுத்துவிட்டார். செக்குக்காரர் கயிற்றோடு சிட்டுவை நெருங்கினார்.

சடையாண்டி ராஜாவின் காலில் விழுந்தான். “தப்பாச் சொல்லிட்டேன் சாமி. ஓடினது குதிரைதானே? சேணத்தை இறக்கி, உங்க கையாலே அது முதுகைத் தட்டிக்கொடுங்க.”

“வேண்டாம் ராஜா! அதுக்குக் கூச்சம் ஜாஸ்தி!” என்று தளவாய் குறுக்கே பாய்ந்தார்.

ராஜா சேணத்தை இறக்கித் தட்டினார். புழுதி பறந்தது. பிறகு சிட்டுவின் சேணத்துக்கு அடியில் கைவிட்டார்; கை வியர்வையில் நனைந்தது.

“என்னய்யா தளவாய், குளிப்பாட்டுறவன் சேணத்தைக் கழற்றிட்டுக் குளிப்பாட்டக் கூடாதா?”

மாலை சிட்டுவுக்குப் போனது. செக்கை யார் இழுத்தார் என்று என் வாயால் சொல்லமாட்டேன். அந்த வருஷ நல்லெண்ணெயில் மட்டும் முழ நீளத்துக்கு முடி கிடந்தது.