தலைகீழ்க் கொடி

முப்பது வருஷமா மீனைக் கொன்னுக்கிட்டே இருந்த ஒரு ஆளு, பிடிச்ச மீனை உயிரோட விடப் படிச்ச கதை இது.

ஆளு பேரு ரெமிஜியுஸ். கன்னியாகுமரிப் பக்கம் தூத்தூர்க்காரரு. சுறா பிடிக்க ஆழ்கடல் போய் வந்தவரு. ஐம்பத்திரெண்டு வயசுல அந்தமான்ல ஒரு ரிசார்ட் படகுல வேலைக்குச் சேர்ந்தாரு. அங்க வர்ற விருந்தாளிங்க மயில் மீனையும் மார்லினையும் தூண்டில்ல பிடிப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, திரும்பக் கடல்லயே விட்டுருவாங்க. இதுக்கா இவ்வளவு தூரம் வர்றாங்கன்னு ரெமிஜியுஸ் முதல் வாரம் பூரா சிரிச்சாரு.

ரெண்டாவது வாரம் சிரிப்பு நின்னுபோச்சு. அவரு கையால விட்ட ரெண்டு மீனும் வயித்தைக் காட்டிக்கிட்டு மிதந்துச்சு. ஒண்ணைப் பழக்கதோஷத்துல செவுளுக்குள்ள விரல் விட்டுத் தூக்கிட்டாரு. இன்னொண்ணை அவசரப்பட்டுத் தள்ளிட்டாரு.

அந்தப் படகுல ஒரு வழக்கம் உண்டு. மீனை உயிரோட விட்டா, கரைக்கு வர்றப்ப மீன் படம் போட்ட கொடியைத் தலைகீழாக் கட்டணும். மீன் செத்தா, நேரா. ரெண்டு நாளும் கேப்டன் ஜெனோவா கொடியை நேராவே கட்டிட்டாங்க. முப்பத்திநாலு வயசு அவங்களுக்கு. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலை.

மூணாவதும் செத்தா ரெமிஜியுஸுக்குப் படகு கிடையாது, சமையல்கட்டுதான்னு மேனேஜர் சொல்லிட்டாரு. மறுநாள் காலையிலயே சமையல்காரர் மாடப்பன் சமையல்கட்டு வாசலுக்கு வந்து நின்னாரு.

"வாங்கண்ணே. உங்களுக்குன்னே ஒரு கத்தி தீட்டி வச்சிருக்கேன்."

படகு கிளம்புறப்ப ரெமிஜியுஸ் கேட்டாரு.

"கேப்டன், பிடிக்கிறதெல்லாம் எனக்குத் தெரியும். எப்ப விடணும்? அதை மட்டும் சொல்லுங்க."

"மீன் வரட்டும்ணே."

பதினோரு மணிக்கு வந்துச்சு. மயில் மீன். கோயம்புத்தூர்லருந்து வந்த விருந்தாளி நாற்பது நிமிஷம் மல்லுக்கட்டி அதைப் படகு ஓரத்துக்கு இழுத்துட்டு வந்தாரு. ரெமிஜியுஸ் கையுறையை மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு, ஈட்டி மாதிரி நீண்ட மூக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சாரு. கொக்கியைக் கேப்டனே வந்து கழட்டிவிட்டுப் போனாங்க. மீன் பழைய தகரம் மாதிரி நிறம் செத்துக் கிடந்துச்சு.

கேப்டன் படகை மெதுவா முன்னால நகர்த்தினாங்க. தண்ணி மீன் வாய்க்குள்ள போயி செவுள் வழியா வெளிய வந்துச்சு.

"ஏனுங்க, கொஞ்சம் மேல தூக்குனீங்கன்னா ஒரு போட்டோ எடுத்துக்குவனுங்க," ன்னாரு விருந்தாளி.

"தண்ணிக்குள்ள இருக்கிறப்பவே எடுத்துக்கங்க சார். அது மூச்சு வாங்குது," ன்னாரு ரெமிஜியுஸ்.

அஞ்சு நிமிஷம் ஆச்சு.

"கேப்டன், விடவா?"

"ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருக்கிறவகிட்ட கேக்குறீங்களே. மீனைப் பிடிச்சிருக்கிறது நீங்கதானே?"

பத்து நிமிஷம். தோள்பட்டை கழண்டு விழுந்துரும் போல இருந்துச்சு. ரெமிஜியுஸ் மீன்கிட்டயே கேட்டுப் பாத்தாரு.

"ஐயா, கிளம்புறீங்களா? எனக்கு வெங்காயம் உரிக்கத் தெரியாது."

"என்ன சொல்லுதுங்க?" ன்னு விருந்தாளி எட்டிப் பாத்தாரு.

"யோசிக்குது சார்."

அப்புறம் வால் பக்கம் ஒரு நீலக்கோடு. பக்கத்துல இன்னொண்ணு. விளக்கு ஏத்தின மாதிரி உடம்பு பூரா நீலம் ஏறிச்சு. ரெமிஜியுஸ் கேக்குறதை நிறுத்திட்டாரு. கை வலியும் மறந்துபோச்சு.

திடீர்னு ஒரு உதறு. கையுறை கிழிஞ்சு, முகத்துல தண்ணி அடிச்சு, கண்ணைத் துடைச்சுப் பாத்தா கை காலி.

கேப்டன் அந்த இடத்தையே சுத்திச் சுத்திப் படகை ஓட்டினாங்க. கால் மணி நேரம். எதுவும் மிதக்கல.

கரை தெரியுறப்ப கொடியை எடுத்து அவரு கையில குடுத்தாங்க. ரெமிஜியுஸ் அதை நேராப் பிடிச்சாரு. திருப்பிப் பிடிச்சாரு. கட்டாம நின்னாரு.

"கடைசி வரைக்கும் எப்ப விடணும்னு நீங்க சொல்லவே இல்லையே, கேப்டன்."

"நீங்க எங்கண்ணே விட்டீங்க? அதுவாத்தானே போச்சு?"

ரெமிஜியுஸ் தோல் உரிஞ்ச உள்ளங்கையைப் பாத்தாரு. அப்புறம் கொடியைத் தலைகீழாக் கட்டினாரு.