மாதியின் கட்டை யாரும் பிரிப்பதில்லை

மலையடிவாரத்தில் ஓர் ஆசான் இருந்தார். அவரிடம் பச்சிலை வைத்தியம் படிக்க ஒன்பது பேர் தங்கியிருந்தார்கள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பறித்து வந்த பச்சிலைக் கட்டை இன்னொருவர் பிரித்துப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். இருவர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் அது அம்மிக்குப் போகும்.

அவர்களில் ஒருத்தியான மாதியின் கட்டை மட்டும் யாரும் பிரிப்பதில்லை.

"மலைக்காரி பறிச்சதை நாம பார்க்கிறதா? பச்சிலைய வாயில வச்சுக்கிட்டே பொறக்கிற சனம்" என்பான் சீடர்களில் ஒருவனான தில்லைநம்பி. மற்றவர்கள் ஆமாம் போடுவார்கள்.

மாதி கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அப்பன் மலையை விட்டு இறங்கிச் செங்கல் சூளைக்கு வந்துவிட்டான். அவள் வளர்ந்ததெல்லாம் சூளைப் புகையில்தான். வந்த முதல் வாரமே இதை நம்பியிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அடேயப்பா, அடக்கத்தைப் பாரு" என்று சிரித்தான்.

அதோடு வாயை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் ஆற்றுக்குக் குளிக்கப் போகும் நேரத்தில் இவள் இலைகளைப் பரப்பி வைத்து நரம்பு நரம்பாக ஒப்பிட்டுக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் இருபது கற்றால் இவள் அறுபது கற்றாள். சரியாகச் சொன்னால், "அது ரத்தத்துல வந்தது" என்பார்கள். ஒரே ஒரு முறை தவறிப்போனபோது, "ஏம்மா, நீ மலைக்காரிதானா?" என்று சிரித்தார்கள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் வருஷம் ஆனி மாதம். வண்டிக்காரர் ஒருவர் தன் மனைவி இசக்கியம்மாளைத் தூக்கி வந்து கூடத்தில் கிடத்தினார். வயிற்றுக்கடுப்பு. நான்கு நாளாக. கண் உள்ளே போயிருந்தது.

ஆசான் நாடியைப் பார்த்துவிட்டுக் கிழங்கின் பெயரைச் சொன்னார். "சீக்கிரம்."

"மாதி போகட்டும்" என்றான் நம்பி.

மாதி ஓடினாள். புதரில் கொடிகள் பின்னிக் கிடந்தன. இன்னும் எதுவும் பூக்கவில்லை. தோண்டினாள், கழுவினாள், நறுக்கிக் கொண்டுவந்தாள். நறுக்கும்போதே அவள் கை ஒருமுறை நின்றது. உள்ளே வெள்ளை. இந்த வெள்ளைதானா?

"என்ன நிக்கிற? கொண்டா." நம்பி வாங்கி அம்மியில் போட்டான். பார்க்கவில்லை.

அரைத்தார்கள். மோரில் கலக்கினார்கள். அழகாத்தாள் என்ற சீடப்பெண் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். வண்டிக்காரர் மனைவியின் தலையைத் தூக்கிப் பிடித்தார்.

மாதி பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொன்னால் மூன்று வருஷப் பேரும் போச்சு. சொல்லாவிட்டால்?

கிண்ணம் உதட்டருகே போனது.

"குடுக்காதீங்க!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏன்?" என்றார் ஆசான்.

"அது என்ன கிழங்குன்னு எனக்குத் தெரியலை ஆசானே."

"மலைக்காரிக்குத் தெரியலையாம்!" என்று நம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பில் யாரும் சேரவில்லை.

ஆசான் கிண்ணத்தை வாங்கி முற்றத்தில் ஊற்றினார். மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்து நம்பியிடம் நீட்டினார்.

"நீ சொல்லு."

நம்பி மாதியின் முகத்தைப் பார்த்தான்.

"கிழங்கு என் கையில இருக்கு" என்றார் ஆசான்.

நம்பி புரட்டிப் பார்த்தான். முகர்ந்தான். அவன் நெற்றி வேர்த்தது. துண்டை ஆசானிடமே திருப்பிக் கொடுத்தான்.

ஆசான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மாதி காட்டிய புதருக்குப் போனார். அங்கே இரண்டு கொடிகள் ஒன்றையொன்று சுற்றிக் கிடந்தன. ஒன்று அவர் கேட்டது. இன்னொன்று கண்வலிக்கிழங்கு. ஆளைக் கொன்றுவிடும். தோண்டிய குழி அதன் அடியில்தான் இருந்தது.

அவர் சரியான கிழங்கைத் தானே தோண்டி, தானே அரைத்துக் கொடுத்தார். உச்சிப்பொழுது தாண்டி இசக்கியம்மாள் கண்ணைத் திறந்து, கொஞ்சம் கஞ்சி கிடைக்குமா என்று கேட்டாள். வண்டிக்காரர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஆசான் மாதியைத் தேடினார். அவள் துணிமூட்டையோடு வாசல் படலைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கே?"

"சூளைக்கு."

"கிழங்குப் பாடம் முதல் வருஷமே நடத்தியாச்சே. அன்னைக்கு உன் கவனம் எங்கே இருந்தது?"

மாதி தலை நிமிரவில்லை. "நான் பாடத்துல இல்லை ஆசானே."

"ஏன்?"

"நீங்கதான் அனுப்பினீங்க. 'உனக்கு எதுக்கும்மா இது, உங்க ஆளுங்களுக்குத் தெரியாத கிழங்கா? போய் விறகு பொறுக்கிட்டு வா'ன்னு சொன்னீங்க."

ஆசான் படலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பவே தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"ஆசானே உனக்குத் தெரியும்னு சொல்லும்போது, தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

ஆசான் திரும்பிப் புதரை நோக்கி நடந்தார். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் மூட்டையோடு பின்னால் போனாள். பின்னிக் கிடந்த கொடிகளின் முன்னால் அவர் வெறும் மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த கல்லைத் தள்ளி அவளுக்கும் இடம் செய்தார்.

"உட்காரு. எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்."