இருபத்துமூன்று பேருக்கு இலை போட்ட கதை

பூவத்தடி என்று ஓர் ஊர். அங்கே நெல் விளையும், வாழை விளையும். புத்தி மட்டும் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். அது வருகிற பஸ்ஸும் பாதி நாள் வராது.

அந்த ஊர்க் காத்தமுத்து தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளையோடு சேர்த்து இருபத்துமூன்று பேர் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் உத்திராபதி பெரிய கோபக்காரர். பந்தலில் நுழையும்போதே சொல்லிவிட்டார்:

“காலைப் பலகாரத்துக்கு எங்க ஆளுங்களை வரிசை வரிசையா உட்கார வைங்க. எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்கணும். ஒருத்தர் மிஞ்சி நின்னாலும் தாலி ஏறாது!”

காத்தமுத்துவும் தம்பி அய்யாக்கண்ணுவும் மச்சான் சிங்காரமும் இலை போட்டார்கள். இரண்டு வரிசை வைத்தார்கள், ஒருவர் மிஞ்சினார். மூன்று வைத்தார்கள், இருவர் மிஞ்சினார்கள். நான்கு வைத்தபோது மூன்று பேர் நின்றுகொண்டு முறைத்தார்கள்.

“வரிசை கூடக் கூட மிச்சமும் கூடுதேண்ணே,” என்றார் அய்யாக்கண்ணு. “இப்படியே போனா எல்லாருமே மிஞ்சிடுவாங்க.”

“ஒரே வரிசையா வச்சா?” என்றார் சிங்காரம்.

“அவர் சொன்னது ‘வரிசை வரிசையா’. ரெண்டு தடவை சொன்னார் மச்சான். ஒண்ணோட நிறுத்தினா மரியாதை இல்லை,” என்றார் காத்தமுத்து.

சிங்காரம் மோவாயைத் தடவினார். “ஒருத்தரைக் குறைச்சுட்டா ரெண்டு வரிசை, பதினோரு பதினோரு பேர். கச்சிதம். யாரைக் குறைக்கிறது?”

“சாப்பிடாத ஆளைத்தான்,” என்றார் அய்யாக்கண்ணு. “தாலி கட்டுற வரைக்கும் மாப்பிள்ளை விரதம். பந்தியில அவருக்கென்ன வேலை?”

மூவரும் மாப்பிள்ளையை மரியாதையோடு அழைத்துப்போய், மாலையும் கழுத்துமாக டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார்கள்.

உத்திராபதி இரண்டு வரிசையையும் எண்ணிப் பார்த்து மீசையை நீவினார். இட்லியைப் பிட்டபோதுதான் கேட்டார்: “மாப்பிள்ளை எங்கே?”

“மிஞ்சிட்டார். அனுப்பிட்டோம்.”

அப்புறம் எழுந்த கூச்சலில் பந்தல்கால் ஆடியது. அய்யாக்கண்ணு சைக்கிளில் துரத்திப்போய் பஸ்ஸைப் பிடித்தார். மாப்பிள்ளையோடு, என்ன ஏதென்று கேட்கக் கண்டக்டரும் வந்துவிட்டார். அவருக்கும் ஓர் இலை போட்டார்கள். ஆக, இருபத்துநான்கு.

இப்போது வேறு தொல்லை. மூன்று வரிசை வைத்தால் எட்டெட்டுப் பேர்; மிச்சமில்லை. நான்கு வைத்தால் ஆறாறு பேர், மிச்சமில்லை. “அண்ணே, இதுவும் சரியா வருது!” என்று ஒவ்வொரு தடவையும் எல்லாரையும் எழுப்பி மாற்றினார்கள். இட்லி ஓரிடத்தில் விழுந்தது, சட்னி வேறிடத்தில் விழுந்தது. கண்டக்டர் இலையை ஏந்திக்கொண்டு சாம்பாரைத் தேடி அலைந்தார்.

“முகூர்த்தம் போகுது!” என்று ஐயர் கத்தினார்.

மணமேடையில் இரண்டே பேர். மூவரும் அங்கேயும் கூடி யோசித்தார்கள்.

“ஒரு வரிசையில ரெண்டு பேரா, ரெண்டு வரிசையில ஒவ்வொருத்தரா?”

“எப்படி வச்சாலும் மிஞ்சாது. ஆனா ரெண்டு வரிசைன்னா பெரிய கல்யாணமாத் தெரியும்.”

பெண்ணை மாப்பிள்ளைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பசியில் கண் இருட்டிப்போயிருந்த மாப்பிள்ளை, தாலியை வாங்கிக் கையைப் பின்பக்கம் நீட்டினார். வரிசை நேராக இருக்கிறதா என்று பார்க்க, காத்தமுத்து அந்த நேரம் பார்த்து இருவருக்கும் நடுவே குனிந்தார்.

கெட்டிமேளம் முழங்கியது. மூன்று முடிச்சும் விழுந்தது. நாலாபக்கமிருந்தும் அட்சதை வந்து விழ, காத்தமுத்து வெட்கத்தோடு தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.