நிழல் விழாத மண்ணு

ஒரு பூதம் வந்து, ஒரு சனம் வாழ்ந்த மலையத் தூக்கிட்டுப் போயிருச்சு. மலைய வச்சு அது என்ன பண்ணப் போவுதோ. மேல குடியிருந்தவங்கள அது சட்டையே பண்ணல. தூசி மாதிரி உதறிட்டுப் போச்சு.

கீழ விழுந்தவங்க எழுந்து பாத்தா, ஒருத்தருக்கும் நிழல் இல்ல.

"நிழலும் மலையோட போயிருச்சு. இனி எந்த மண்ணுல நம்ம நிழல் விழுதோ, அதான் நம்ம மண்ணு"ன்னு கூடிப் பேசி முடிவு பண்ணாங்க. அன்னையிலிருந்து நடைதான். நல்ல தண்ணி, நல்ல மண்ணு எத்தனையோ வந்துச்சு. அவங்க குரு முன்னால போயி வெயில்ல நிப்பாரு. நிழல் விழாது. மறுபடியும் கிளம்புவாங்க.

மாரப்பன் குருவ விட மூத்தவன். அவரு அவன 'அண்ணே'ன்னுதான் கூப்பிடுவாரு. ஆனாலும் சீடன் சீடன்தான். ஆறு ஓடுற ஒரு எடத்த விட்டுக் கிளம்பி வர்ற வழியில, தன் ஒரே மகளப் புதைச்சுட்டு வந்தான். இப்ப பொண்டாட்டி சின்னத்தங்கம் காய்ச்சல்ல வண்டியில கெடக்குறா.

இன்னிக்கு வந்த எடத்துல ஊத்து இருந்துச்சு. குரு வெயில்ல நின்னாரு. நிழல் விழல. சனங்க மாட்டப் பூட்ட ஆரம்பிச்சாங்க.

"இன்னொரு தரம் நின்னு பாருங்க சாமி"ன்னான் மாரப்பன்.

"பாத்தாச்சு அண்ணே."

"கொஞ்சம் சாஞ்சாப்ல நில்லுங்க."

சாஞ்சும் நின்னாரு.

வண்டிக்குள்ளருந்து சின்னத்தங்கம் சொன்னா: "சாமி, இந்த மனுசன் என் மூஞ்சியப் பாத்தே ரொம்ப நாளாச்சு. எப்பப் பாத்தாலும் தரையத்தான் பாக்குறாரு."

"நீ சும்மா கெட"ன்னான். அவளால வேற எதுவும் முடியாது.

மாரப்பன் குருவோட காலடியில உக்காந்துட்டான்.

"இன்னொரு நடைய இவ தாங்க மாட்டா சாமி. இவளயும் வழியில எங்கயாச்சும் புதைச்சுட்டு நான் நடக்கணும். 'இங்கயே இருந்துருவோம்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்லிப் பாத்தேன் அண்ணே. அந்த ஆத்தங்கரையில."

"என்ன சொன்னாங்க?"

"'நிழல் விழுந்துச்சா'ன்னு கேட்டாங்க. மறந்துட்டீங்களா, முதல்ல கேட்டது நீங்கதான்."

மாரப்பன் தரைய ஒரு தரம் தடவிப் பாத்தான்.

"ஒரே ஒரு தரம் விழுந்துட்டாப் போதும் சாமி. மலையில விழுந்த மாதிரி."

"மலையில உங்க நிழல் எப்படி இருந்துச்சு?"

யோசிச்சான். குளிச்ச சுனை ஞாபகம் வந்துச்சு. மக மொத மொதல்ல எழுந்து நின்ன பாறை ஞாபகம் வந்துச்சு. நிழல் மட்டும் வரல.

"பாத்த ஞாபகம் இல்ல சாமி. உங்களுது?"

"நானும் பாத்ததில்ல."

"அப்ப இருந்துச்சா, இல்லையா?"

அதுக்குள்ள முதல் வண்டி நகந்துருச்சு. குரு தன் மூட்டைய எடுத்துத் தோள்ல போட்டாரு.

"மலையில இருந்தப்ப யாரு அண்ணே குனிஞ்சு பாத்தா?"