சுவருக்கு மூக்கு எங்கே?

மழைக்கும் வெயிலுக்கும் குறைவில்லாத மருதவேலி நாட்டை வெகுகாலத்துக்கு முன்பு உதயமாறன் என்ற ராஜா ஆண்டார். நல்லவர்தான். காலையில் ஓர் ஆசை வந்தால் மாலைக்குள் நடந்தாக வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை.

ஒருநாள் அரண்மனை முகப்புச் சுவரில் தன் முகம் தெரிய வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. அது கொத்தனார் குமரையா பூசிய சுவர். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து. மழை ஓய்ந்ததும் ஆண்டுதோறும் மெல்லிசாக வெள்ளையடிப்பார். முப்பது வருடமாக ஒரு விரிசல் இல்லை.

"வெறும் வெள்ளை எதற்கு மகாராஜா? தேன்மெழுகை எண்ணெயில் காய்ச்சிப் பூசினால் கண்ணாடி போல ஆகிவிடும். மழைத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகாது" என்றார் அலங்கார அதிகாரி திருமேனி ராயர். ராஜா குமரையாவைப் புகழும்போதெல்லாம் ராயருக்கு வயிறு எரியும்.

பூசினார்கள். முகம் தெரிந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் சுவரெங்கும் கொப்புளம். ராஜா பார்த்துக்கொண்டிருக்கும்போதே முறம் அளவுக்குச் சாந்து உரிந்து அவர் காலடியில் விழுந்தது.

"சாந்தில்தான் கோளாறு. கொத்தனாரை நாடு கடத்துங்கள்" என்றார் ராயர்.

சபைக்கு வரவழைக்கப்பட்ட குமரையா கைகட்டி நின்றார். "சுவர் மூச்சுவிட வேண்டும் சாமி. தரையிலிருந்து ஏறும் ஈரம் வெயிலில் வெளியே போய்விடும். மெழுகு அந்த வழியை அடைத்துவிட்டது."

"சுவருக்கு மூக்கு எங்கே இருக்கிறது கொத்தனாரே? சளி பிடித்தால் தும்முமா?" என்றார் ராயர்.

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். "நாளை உச்சிப்பொழுதுக்குள் அந்த மூக்கைக் காட்டு. இல்லையென்றால் குடும்பத்தோடு எல்லை தாண்டிப் போ" என்றார்.

மறுநாள் காலை அமைச்சர் அறவாழி ஒரு பளபளக்கும் அங்கியோடு வந்தார். "மகாராஜா, சுவருக்குக் கொடுத்த அழகை ராயருக்கும் கொடுப்போம். அதே மெழுகு தோய்த்த பட்டு. உச்சிவரை முகப்பின்முன் நிற்கட்டும். எது அதிகம் மின்னுகிறது என்று பார்க்கலாம்."

ராஜாவுக்கு இந்த வேடிக்கை பிடித்தது. ராயருக்கோ பெருமை தாங்கவில்லை. கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு நின்றார்.

வெயில் ஏறியது. ராயர் நெளிந்தார். முதுகைத் தூணில் தேய்த்தார்.

"என்ன ராயரே, ஆட்டமா?" என்றார் ராஜா.

"வேர்க்கிறது மகாராஜா. கழற்றிவிடட்டுமா?"

"எதற்கு? மழை பெய்தாலும் ஒரு சொட்டு உள்ளே போகாதே" என்றார் அறவாழி.

"உள்ளே போகாவிட்டால் என்ன ஐயா, உள்ளே இருப்பது வெளியே போக வேண்டாமா?"

சொல்லி முடித்ததும் ராயருக்கே சுருக்கென்றது. அங்கியை அவிழ்த்தார்கள். முதுகு முழுக்க வேர்க்குரு. ராஜா அந்த முதுகைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"குமரையா, தப்பு என்மேல். என் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு உன் சுவரைக் கெடுத்துவிட்டேன்" என்றார். தன் தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கொத்தனாருக்குப் போர்த்தினார். "இனி உன்னைக் கேட்காமல் இந்த முகப்பில் யாரும் கை வைக்கக் கூடாது. மெழுகைச் சுரண்டும் வேலை ராயருக்கு. மேற்பார்வை உனக்கு."

அன்று மாலையே ராயர் மூங்கில் சில்லோடு சாரத்தில் ஏறினார். கோபத்தில் அழுத்திச் சுரண்டினார்.

கீழே நின்ற குமரையா சொன்னார்: "மெதுவாக, ராயரே. மூக்கு அங்கேதான் இருக்கிறது."