மலையாண்டியின் ரம்பமும் முறிந்த கிளையும்

காட்டோரத்து இலுப்பை மரத்தடியில் ஒரு வளை. அதில் ஈட்டியம்மா என்ற முள்ளம்பன்றி, பிறந்து நான்கே நாளான இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. ஒருநாள் அடித்த சூறைக்காற்றில் பெரிய கிளை ஒன்று பாதி முறிந்து, வளைக்கு நேர் மேலே சாய்ந்து நின்றது.

மலையாண்டி என்ற கரடியிடம் ஒரு ரம்பம் இருந்தது. மரம் வெட்ட வந்தவர்கள் மறந்துவிட்டுப் போனது. அதைக்கொண்டு கரடி இதுவரை எதையும் அறுத்ததில்லை. முதுகு சொறிந்துகொண்டதோடு சரி. ஆனாலும் ரம்பக்காரன் என்ற பெயர் காடெங்கும் பரவியிருந்தது. கிளையை அறுத்துத் தரும்படி ஈட்டியம்மா வந்து கேட்டதும் மலையாண்டி மார்பை நிமிர்த்திக்கொண்டு, அரை நாழிகையில் முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்தது.

அந்த மரத்தில் செங்கொண்டை என்ற மரங்கொத்தி இருந்தது. முதலில் குட்டிகளை வெளியே கொண்டுவரச் சொன்னது. கிளையைக் கொடியால் மேல்கிளையோடு கட்டச் சொன்னது. அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, அப்புறம் மேலிருந்து அறுக்கச் சொன்னது.

“நாள் முழுக்க மரத்தில் தலையை முட்டிக்கொள்கிற உன்னிடம் நான் பாடம் கேட்கவா?” என்றது மலையாண்டி. குட்டிகள் தூங்கி எழுவதற்குள் வேலை முடிந்துவிடும் என்று சொல்லி, ஈட்டியம்மாவை மட்டும் தள்ளி நிற்கச் சொன்னது.

மரத்தடியில் இருந்த பாறைமேல் ஏறி நின்று, உடம்பின் பாரத்தையெல்லாம் ரம்பத்தின்மேல் போட்டு அழுத்தியது. ரம்பம் வளைந்து துள்ளிக் கரடியின் கட்டைவிரலைக் கீறியது. ஈட்டியம்மா பார்க்கும்போது அழ முடியுமா? கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து வலியை விழுங்கிக்கொண்டு மறுபடி அழுத்தியது.

பாதிகூட அறுபடவில்லை; கிளை தன் பாரம் தாங்காமல் படாரென்று கிழிந்தது. அடிப்பட்டை உரிந்துகொண்டே வர, கதவுபோல் சுழன்று மலையாண்டியை ஓர் இடி இடித்தது. சேற்றில் போய் விழுந்த கரடி நிமிர்ந்து பார்த்தது. பட்டை நாரில் கிளை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சிறுகொம்புகள் வளையின் வாயை அடைத்திருந்தன. உள்ளே குட்டிகள் கீச்சிட்டன.

ஈட்டியம்மா திட்டவில்லை. இலைகளுக்குள் முகத்தை நுழைத்துக் குட்டிகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அதுதான் மலையாண்டிக்குத் தாங்கவில்லை. சேறு சொட்டச் சொட்ட மரங்கொத்தியிடம் போய் நின்றது.

“எனக்கு அறுக்கத் தெரியாது. சொல்லிக் கொடு.”

செங்கொண்டை சிரிக்கவில்லை. அது சொன்னபடி கரடி முதலில் கிளையைக் கொடியால் மேல்கிளையோடு இழுத்துக் கட்டியது. பிறகு சிறுகொம்புகளில் ரம்பத்தை வைத்தது.

“அழுத்தாதே, நீளமாக இழு. பல் தானே அறுத்துக்கொள்ளும். இன்னொரு கையைப் பல்லுக்கு எதிரே வைக்காதே” என்றது செங்கொண்டை.

கொம்புகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஈட்டியம்மா உள்ளே புகுந்து குட்டிகளை வெளியே கூட்டிக்கொண்டு தூரத்துப் புதருக்குப் போய்விட்டது. அதன்பிறகே மலையாண்டி பட்டை நாரை அறுத்தது; கொடியை மெல்லத் தளர்த்திக் கிளையைத் தரையில் இறக்கியது. சாயங்காலம் ஆகிவிட்டது.

ஈட்டியம்மா சந்தோஷத்தில் ஓடிவந்து கட்டிக்கொள்ளப் பார்த்தது. மலையாண்டி அலறிக்கொண்டு பாறைமேல் தாவி ஏறியது.

“நன்றியை அங்கேயே நின்று சொல்லு, தாயி!”

பலமும் கருவியும் இருந்தாலும், செய்யும் முறையைக் கேட்டறியாமல் வேலையில் இறங்குபவன் தனக்கு மட்டுமல்ல, தன்னை நம்பியவருக்கும் ஆபத்தைக் கொண்டுவருவான்.