மருளி போட்ட சத்தம்

மருளி என்ற புள்ளிமான் ஆற்றை நீந்திக் கடந்து தென்கரைக் காட்டுக்கு வந்தபோது, அவளோடு வந்தவை இரண்டே: ஒரு குட்டியும், வயிறு நிறையப் பயமும். குட்டியின் பெயர் தும்பை. பயத்துக்குப் பெயர் வேண்டியதில்லை. வடகரைக் காட்டிலிருந்து தப்பி வருகிற எல்லாரும் அதைச் சுமந்துகொண்டுதான் கரையேறுவார்கள்.

வடகரையை ஆள்வது ஒரு புலி. அங்கே புலியைக் கண்டால் கத்தக் கூடாது. கத்தினால் அது ராஜாவை அவமதிப்பது. முன்னங்காலைத் தரையில் தட்டக் கூடாது. வாலைத் தூக்கக் கூடாது. ராஜா நடந்து வந்தால் எல்லாரும் தலையைக் குனிந்து, ஒன்றும் நடக்காதது போல் மேய்ந்துகொண்டிருக்க வேண்டும்.

மருளியின் மூத்த குட்டி அப்படி மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் போனது. நாவல் மரத்தின் மேலிருந்த மந்தி ஒருத்தி, புலி புதருக்குள் பதுங்குவதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மருளிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் மடியிலும் ஒரு குட்டி இருந்தது.

தென்கரைக் காடோ வேறு மாதிரி. அப்பப்பா, என்ன இரைச்சல்! ஆட்காட்டிக் குருவி சிலம்பாயி கண் விழித்ததிலிருந்து கத்திக்கொண்டிருப்பாள். நரி வந்தாலும் கத்துவாள், காற்றில் சருகு உருண்டாலும் கத்துவாள். மந்திகள் மரத்துக்கு மரம் ஏசிக்கொள்ளும். இந்தக் காட்டுக்குத் தலைவி பெரியநாயகி என்ற கிழட்டு யானை. மூன்று மழைக்காலத்துக்கு ஒரு தடவை எல்லாரும் உப்புமண் மேட்டில் கூடி, வாலைத் தூக்கித் தலைமையைத் தேர்ந்தெடுப்பார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த தடவை வேறு ஆள். முயலுக்கு இருப்பது வால்தானா என்ற சண்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் வரும்.

இதையெல்லாம் மருளியிடம் சொன்னவள் சிலம்பாயிதான். மருளி தலையாட்டினாள், ஆனால் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை.

ஒரு நாள் பெரியநாயகி குட்டைக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். வழியில் தரையில் இருந்த சிலம்பாயியின் கூட்டுக்குப் பக்கத்தில் காலை வைத்துவிட்டாள். சிலம்பாயி விடுவாளா? தலைவியின் மூஞ்சிக்கு நேரே பறந்து, கண் எங்கே இருக்கிறது, தலைவி என்றால் பார்த்து நடக்கக் கூடாதா என்று கிழி கிழி என்று கிழித்துவிட்டாள். அது போதாதென்று தும்பை பெரியநாயகியின் பின்னாலேயே அவளைப் போலவே பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினான். மந்திகள் கிளை குலுங்கச் சிரித்தன.

மருளி குட்டியை முட்டிப் புதருக்குள் தள்ளினாள். ஓடிப்போய் யானையின் முன்னால் மண்டியிட்டாள்.

"அறியாப் புள்ளம்மா. அவனை விட்டுடுங்க. என்னை எடுத்துக்குங்க!"

பெரியநாயகி தூக்கிய தும்பிக்கையைக் கீழே விட்டாள். "உன்னை எடுத்து நான் என்ன பண்றது தாயி? நான் தழை திங்கிறவ. உன் புள்ள சரியாத்தான் நடந்து காட்டினான். எனக்குக் கால் இழுக்கத்தான் செய்யுது."

தண்டனை எப்போது வரும் என்று மருளி காத்திருந்தாள். இலை அசைந்தால் திடுக்கிட்டாள். தும்பையைக் கண்ணைவிட்டு அகல விடவில்லை. தண்டனை வரவே இல்லை. அதற்குப் பிறகும் அவள் காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் சிலம்பாயி "புலி! புலி!" என்று அலறினாள். காடே எழுந்து ஓடியது. ஓடுகிற ஓட்டத்தில் காட்டெருமை கருப்பண்ணனின் கன்று பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. கடைசியில் பார்த்தால் வந்தது புலியே இல்லை, ஒரு காட்டுப்பூனை.

மறுநாள் காலை எல்லாரும் உப்புமண் மேட்டில் கூடினார்கள். கருப்பண்ணன் பேச எழுந்தார். இந்தக் காட்டில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கத்தலாம் என்பதால்தானே தன் கன்று நொண்டியாகக் கிடக்கிறது என்று கேட்டார். இனிமேல் மயில் ஒருவர் மட்டும் எச்சரிக்கை கொடுக்கட்டும் என்றார். மற்றவர்கள் எதைப் பார்த்தாலும் மயிலிடம் போய்ச் சொல்ல வேண்டும். உண்மையா என்று மயில் விசாரித்து, தேவைப்பட்டால் கூவுவார். மீறிக் கத்துகிறவர்கள் காட்டை விட்டுப் போய்விட வேண்டும்.

கூட்டம் தலையசைத்தது. கரடிக்குத் தூக்கம் கெட்டுப் பல நாள் ஆகியிருந்தது. மயில் கழுத்தை நீட்டி, எல்லாரும் விரும்பினால் தனக்குச் சிரமமில்லை என்றார். சிலம்பாயிகூட வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. அவள் சும்மா இருந்ததை அன்றுதான் காடு முதன்முதலில் பார்த்தது.

பெரியநாயகிக்கும் கன்றை நினைத்து மனசு சரியில்லை. "மறுக்கிறவங்க வாலைத் தூக்குங்க. தூக்காதவங்க சம்மதம்னு எடுத்துக்கிறேன்" என்றாள்.

ஒரு வாலும் எழவில்லை.

இந்தப் பேச்சை மருளி முன்பே கேட்டிருக்கிறாள். இதே போன்ற ஒரு கூட்டத்தில், வடகரையில். வாலைத் தூக்கப் பார்த்தாள். இத்தனை வருஷம் அமுக்கி வைத்த வால் எழும்ப மறுத்தது. எழுந்தால் மட்டும் என்ன ஆகும்? நேற்று வந்தவளுக்கு என்ன பேச்சு என்று துரத்திவிட்டால் எங்கே போவாள்? ஆற்றுக்கு அந்தப் பக்கம் புலி. காலடியில் தும்பை படுத்திருந்தான்.

அவள் பார்வையைத் தரையிலிருந்து விலக்கி மேலே பார்த்தாள். மருத மரக் கிளையில் மடியில் குட்டியோடு ஒரு மந்தி உட்கார்ந்திருந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கருப்பண்ணனின் கொம்பைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மருளியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. பேச்சு இல்லை. புலியைக் கண்ட மான் போடுகிற சத்தம். அது காட்டின் அந்தக் கோடிவரை கேட்டது.

மேடே கலைந்தது. பாதிப் பேர் குட்டைக்குள் பாய்ந்தார்கள். கரடி மரத்தில் ஏறிவிட்டது. "எங்கே? புலி எங்கே?" என்று எல்லாரும் கத்தினார்கள்.

"இன்னும் வரல" என்றாள் மருளி. "இனிமேதான் வரும்."

கருப்பண்ணன் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "விளையாடுறியா? என் கன்னு காலொடிஞ்சு கிடக்கு, தெரியுமா?"

"தெரியும்ணே. உங்க கன்னு ஒடிஞ்ச காலோட இருக்கு. என் மூத்த புள்ள இல்லவே இல்ல."

கருப்பண்ணன் நின்றார்.

மருளி சொல்லச் சொல்லக் காடு கேட்டது. வடகரையில் கத்தக் கூடாது என்ற சட்டத்தைப் புலி போடவில்லை. அவர்களே போட்டார்கள். தூக்கம் கெடுகிறது, கன்றுகள் விழுகின்றன என்று சொல்லி, ஒருத்தர் மட்டும் கத்தினால் போதும் என்று முடிவு செய்தார்கள். அங்கேயும் மயில்தான். நல்ல மயில்தான்.

"அப்புறம்தான் புலி வந்துச்சு. அதுக்கு எங்க எல்லாரோட வாயையும் அடைக்க வேண்டிய வேலையே இல்ல. மயிலை மட்டும் பக்கத்துல கூப்பிட்டு உக்கார வச்சுக்கிச்சு. அன்னைக்கும் தூக்காதவங்க சம்மதம்னுதான் சொன்னாங்க. நான் தூக்கல."

மயில் நீட்டிய கழுத்தை இழுத்துக்கொண்டார்.

முதலில் மருத மரத்து மந்தியின் வால் எழுந்தது. பிறகு சிலம்பாயியின் சின்ன வால். பிறகு முயலுடையது, அன்று அது வால்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடு முழுவதும் வாலாக நின்றது. கருப்பண்ணன் மட்டும் கடைசிவரை தூக்கவில்லை. கன்றைப் பார்க்கப் போய்விட்டார். அவரை யாரும் ஏசவில்லை, மருளியை யாரும் துரத்தவுமில்லை. பெரியநாயகி விழுந்து கிடந்த மரம் ஒன்றை உருட்டிக்கொண்டு போய், கன்று விழுந்த பள்ளத்தின் ஓரத்தில் தடுப்பாகப் போட்டாள். அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று சிலம்பாயி அதற்கும் ஒரு மூச்சு திட்டினாள்.

அன்று சாயங்காலமே சிலம்பாயி மறுபடி அலறினாள். எல்லாரும் எழுந்து ஓடினார்கள். வந்தது ஒரு உடும்பு. கரடி முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் படுத்தது. மூச்சு வாங்க நின்ற மருளி தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். அவள் வால் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. எப்போது தூக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் அழுதாள்.

ஆனாலும் பயம் முழுதாகப் போய்விடவில்லை. கொஞ்சம் சத்தத்தைக் குறைத்தால் என்ன என்று யாராவது அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் அவள் காது அந்தப் பக்கம் திரும்பும்.

வீண் கூச்சலால் வரும் தொல்லையைத் தாங்கிக்கொள்ளலாம். அந்தத் தொல்லைக்குப் பயந்து நம் வாயை நாமே கட்டிக்கொண்டால், ஆபத்து வரும் நாளில் எச்சரிக்க ஒரு வாயும் மிஞ்சாது.